இரண்டு அமாவாசைகளும் நான்கு கிரேயும்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளை எடை போட்டுப் பதிவது என் வேலை. அன்று விடுப்பு எடுத்திருந்தேன். பத்து மணிக்கு மனைவியோடு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தேன்.

2017இல் அவள் கழுத்தில் வந்த கட்டிக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நான் ஊரில் இருக்க, அவள் அங்கே தன் அக்கா வீட்டில் தங்கிப் போய்வந்தாள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. பழைய கோப்பு வீட்டுக்குள் புகுந்த மழைநீரில் போய்விட்டது. அந்த மருத்துவமனையும் இப்போது இல்லை. மிஞ்சியது என் நாட்குறிப்பு மட்டும். அதில் இருபத்தைந்து நாட்களுக்கு நேராக ‘200’ என்று இருந்தது.

மருத்துவர் இளவயதுப் பெண். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இருநூறு என்ன சார்? ரேடா, சென்டிகிரேயா, கிரேயா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் எண்ணை மட்டும்தான் எழுதுவோம். கிராம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கைப்பழக்கம்.

“ஒரு கிலோ தசையில ஒரு ஜூல் சக்தி தங்கினா, அது ஒரு கிரே. நூறு ரேட் ஒரு கிரே, நூறு சென்டிகிரேயும் ஒரு கிரேதான். அதனால ரேடா இருந்தாலும் சென்டிகிரேயா இருந்தாலும் உங்க இருநூறு ரெண்டு கிரே. இருநூறு கிரேன்னா, இந்தம்மா இப்படி என்னை மொறைச்சுக்கினு உக்காந்திருக்க மாட்டாங்க.”

“மொறைக்கலம்மா, கண்ணாடி கொண்டாரல” என்றாள் என் மனைவி.

மருத்துவர் சிரித்தார். பிறகு கணக்குப் போட்டார். இருபத்தைந்து நாள், ஐம்பது கிரே. கழுத்தின் பின்பகுதியில் ஓடும் தண்டுவடம் ஓரளவுதான் தாங்கும் என்பதால், முன்பு கொடுத்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இனிமேல் கொடுக்க முடியும் என்றார். “ஐம்பதுன்னா இப்போ ரொம்பக் கம்மியாத்தான் குடுக்க முடியும். கட்டி அடங்குமான்னு சொல்ல முடியாது. நாளைக்கு ஒன்பது மணிக்குத் திட்டம் போட்டுடுவோம்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் நாட்குறிப்பை வாங்கி விரலால் வரிவரியாகத் தடவினாள்.

“இருபத்தஞ்சு இல்லீங்க. இருபத்திமூணு.”

“இன்னாம்மா சொல்றே?”

“ஆவணி அமாவாசைக்குப் போவல. கடைசி நாளு மகாளய அமாவாசை, அதுக்கும் போவல. அன்னிக்குத் தறியே ஓட்ட மாட்டோம், நான் போயி மெஷின்ல படுக்கறதா?”

“வுட்ட நாளுக்குச் சேத்து வரச் சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாங்க. கழுத்துத் தோலு வெந்து கெடந்துது. போதும்டான்னு வந்துட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“வந்து பாத்தா நீங்க இருபத்தஞ்சையும் எழுதி வெச்சிருந்தீங்க. அப்புறம் இன்னாத்த சொல்றது?”

உண்மைதான். மருத்துவமனை தந்த அட்டவணையைப் பார்த்து, முதல் நாளே எல்லா வரிகளையும் எழுதிவிட்டேன். நடந்ததை எழுதுவதே நாட்குறிப்பு என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். நடக்காத இரண்டு நாட்களை நானே எழுதி, ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, அன்று மருத்துவர் கையிலும் கொடுத்திருந்தேன். இருபத்துமூன்றை இரண்டால் பெருக்கினேன். நாற்பத்தாறு.

“நாலு கொறைஞ்சா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள்.

“அவங்க இன்னும் கொஞ்சம் குடுக்கலாம்னு நெனைக்கிறேன். அவங்கதான் சொல்லணும்.”

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, தண்ணீர்கூடப் பிடிக்காமல், இருவரும் மருத்துவமனைக்குப் போய் வாசலிலேயே நின்றோம். எட்டேகாலுக்கு மருத்துவர் வந்தார். இரண்டு அமாவாசைகளையும் அவளே சொன்னாள்.