வலது தோளில் முந்தானை

1. மூக்கு

பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஒரு பழைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கி என் முன்னால் வைத்தார். "பாக்காதீங்கம்மா. மொதல்ல மோந்து பாருங்க" என்றார்.

எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய வருடக்கணக்காகும். நேற்று வரைந்து, புகை காட்டிப் பழசாக்கிய படத்தில் மூக்கை வைத்தால், வர்ணத்தில் குழைத்த லின்சீட் எண்ணெய் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் பஞ்சில் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் தொட்டு ஓரத்தில் துடைக்க வேண்டும். பழைய வர்ணம் அசையாது. புதியது பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளில் தஞ்சாவூரைச் சுற்றிப் புதிய ஹோட்டல்கள் எழும்பின. அவற்றின் லாபிகளுக்குப் பழைய படங்கள் தேவைப்பட்டன. வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளோ பெற்றோரின் வீடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவில் எங்கள் கடை இருந்தது. எது அசல், எது போலி என்று பார்ப்பது என் பொறுப்பு. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. கத்தரிக்காய் நல்லது என்று காய்கறிக்காரர் சத்தியம் செய்தாலும் காம்பைத் திருப்பிப் பார்ப்பவளாக மாறியிருந்தேன்.

2. மானம்புச்சாவடி வீடு

ஜெயசீலன் மஸ்கட்டில் எஞ்சினியர். தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, தாயைத் தன்னோடு அழைத்துப்போக வந்திருந்தார். தந்தை மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து மறைந்தவர். அவர் வரைந்த உருவப்படங்கள் கூடத்துச் சுவர்களில் வரிசையாக இருந்தன. உபதேசியார், பக்கத்து வீட்டு மருத்துவச்சி, நடவுக்கு வந்த ஒரு பெண். அத்தனை பேரும் எதையோ சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, அந்த நொடியில்தான் வாயை மூடியவர்கள்போல் இருந்தார்கள். படங்களின் மூலையில் மாஸ்டரின் கையெழுத்து. முகர்ந்தேன், துடைத்தேன். அத்தனையும் பழையவை.

ஹோட்டல்காரர்கள் ஆசைப்பட்டது கடைசிப் படத்துக்கு. நடுவயதுப் பெண் ஒருத்தி, சாம்பல் நிறக் கைத்தறிப் புடவையில், நேராக நம்மைப் பார்க்கிறாள்.

"எங்கம்மா மேடம். அப்பா எதுக்க ஒக்கார வெச்சு வரைஞ்சது" என்றார் ஜெயசீலன்.

குனிந்தேன். படத்தில் வாசனை இல்லை. கையெழுத்தில் இருந்தது.

நிமிர்ந்து மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் உறுத்தியது. படத்திலிருந்த பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் மடிசார் தவிர வேறு எந்தக் கட்டிலும் அப்படி வராது; இது மடிசார் இல்லை. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் இப்படி வரும். அப்படியானால் எதிரே உட்கார வைத்து வரைந்ததாகச் சொல்வது பொய். கையெழுத்தும் புதியது. ஒரு பொய் இருக்கும் வீட்டில் மற்றவற்றை எப்படி நம்புவது? சுவரிலிருந்த எல்லா முகங்களையும் இப்போது வேறு கண்ணால் பார்த்தேன்.

"கையெழுத்து எப்பப் போட்டது?" என்றேன்.

அவர் முகம் சட்டென்று இறுகியது. "என்ன கேக்குறீங்க? அப்பா போட்டதுதான்."

3. அடுக்களை

கை கழுவ வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். ஜெயசீலனின் தாய் ஞானசுந்தரி அம்மாள் டீ கலந்துகொண்டிருந்தார். கூடத்தில் நடந்த பேச்சு முழுவதும் அங்கே கேட்டிருக்கும். படத்திலிருந்த அதே நேர்ப்பார்வை. முந்தானை இடது தோளில்தான் இருந்தது.

"அந்தப் படத்துல முந்தானை தோள் மாறிக் கெடக்குதேம்மா" என்றேன்.

அவர் வடிகட்டியை ஒருமுறை தட்டிவிட்டு, அடுத்த அறையிலிருந்த பீரோக் கண்ணாடியை முகவாயால் காட்டினார்.

"அது அப்படித்தான் காட்டுச்சு. மாத்திப் போட மனசு வரல. பொய்யாயிடுமில்ல?"

எட்டி அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். போட்டோ இல்லை, கண்ணாடி. எதிரே உட்கார்ந்திருந்தவரும் வரைந்தவரும் ஒரே ஆள்.

"மத்ததெல்லாம்?"

"ஸ்கூல்லேர்ந்து ஆர்டர் வாங்கிட்டு வருவாரு. நான் போடுவேன், அவரு கையெழுத்துப் போடுவாரு. பொம்பள வரையிறதுன்னா எந்தச் சர்ச் ஐயரு ஆர்டர் குடுப்பாரு, சொல்லு? அதெல்லாம் போவட்டும்மா. அதுங்க அவரு கேட்டு வாங்குனது." டீயைத் தம்ளர்களில் ஊற்றினார். "இத யாரும் கேக்கல. எனக்காகப் போட்டேன். அவரே இதுல கை வைக்கல. இவன் வெச்சுட்டான்."

"விக்கவேணாம்னு மகன்கிட்ட சொல்லலாமே?"

"அவன் அப்பாவத் தூக்கி வெச்சிருக்கான். நான் எப்படி எறக்குறது?"

4. பஞ்சு

டீத் தட்டை நான் வாங்கிக்கொள்ளப் போனேன்; அவர் தரவில்லை. கூடத்துக்கு வந்து மேஜையில் வைத்துவிட்டு, என் பையருகே இருந்த பஞ்சை எடுத்தார்.

"அம்மா, அதுல டர்பன்டைன் இருக்கு, கையில படப்போவுது" என்றார் ஜெயசீலன்.

"தெரியும்டா. நாப்பது வருஷமா அதுலதான் கை கழுவுறேன்."

கையெழுத்தின் மேல் இரண்டே இழுப்பு. பஞ்சு பழுப்பாக வந்தது. அடியில் பழைய சாம்பல் நிறம் சற்றும் கலையாமல் இருந்தது.

ஜெயசீலன் எழுந்து நின்றார். "கையெழுத்து இல்லன்னா ஹோட்டல்ல எடுக்கமாட்டேன்னாங்கம்மா. அப்பா போட மறந்திருப்பாருன்னுதான்..."

"மறக்கல. அந்தப் படம் நான் போட்டது, என்னைய. இது விக்கிறதுக்கு இல்ல."

அவர் படத்தைப் பார்த்தார். தாயின் தோளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எஞ்சினியர் அல்லவா, கண்ணாடியின் இடவலம் புரிய அவருக்கு நேரமாகவில்லை. பிறகு மெதுவாகச் சுவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப மத்ததெல்லாம்... அப்பாதானே?"

ஞானசுந்தரி அம்மாள் பஞ்சை மடித்து ஓரமாக வைத்தார்.

"டீ ஆறுது, குடி."

5. பாதி வாக்கியம்

மற்ற படங்களுக்கான அறிக்கையில், 'கையெழுத்து பழையது, வரைந்த கை வேறு' என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "மொதப் பாதி போதும்மா. ஹோட்டல்காரன் படத்தத்தான் வாங்குறான், குடும்பக் கதைய இல்ல" என்று இரண்டாம் பாதியை அடித்துவிட்டார். அந்த முகங்கள் இன்றும் மாஸ்டரின் பெயரில்தான் தொங்குகின்றன.

வீடு கைமாறிய பின் ஜெயசீலன் ஒருமுறை கடைக்கு வந்தார். ஒரு படம் விமானத்தில் நசுங்காமல் போக எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டார். அட்டையும் துணியும் கொடுத்துக் காட்டித் தந்தேன். முடிச்சைத் தானே போட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மூக்கு வர்ணத்தின் வயதைச் சொல்லும். வரைந்தவர் யார் என்று சொல்லாது. புதிய கையெழுத்தைச் சந்தேகிக்க யாராலும் முடியும். வீடே ஒப்புக்கொண்ட பழைய கையெழுத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். பிறகு, டீ கலந்துகொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.