அப்பாவின் வலது செருப்பு

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை அனுப்ப மனமில்லையென்றால் ஒரு வழி உண்டு. வீட்டுப் பிள்ளைகள் அவருடைய செருப்பில் ஒன்றைத் தூக்கி ஒளித்துவிடுவார்கள். அவரும் கோபப்படுவதுபோல் நடித்து, இன்னொரு கிளாஸ் தேநீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார். அதற்குள் செருப்பு தானாக வாசலுக்கு வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது இருக்கும். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் குடியிருந்தோம். அதே லயத்தில் அம்மாவோடு வளர்ந்த தோழி ஒருவர் கல்யாணமாகித் தஞ்சோங் காராங் போயிருந்தார். வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய் ஓரத்தில், கட்டைகளின் மேல் உயர்த்திக் கட்டிய பலகை வீடு. அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். சித்தப்பா பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் லோரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாளே அதிகம். மூத்த பையனுக்கு மூன்று வயது, சரியான வாலு. அடுத்ததாக ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்றும் சித்தப்பா வீட்டில் இல்லை.

எனக்கு அன்று பெரிய ஏமாற்றம். வழக்கமாகச் சின்னம்மா வாசலுக்கே ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளுவார். அன்று தலைகூட வாரவில்லை. தேநீரில் சீனி போட மறந்துவிட்டார். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"ராத்திரி முழுக்க இவ அழுவுறாக்கா. விடிஞ்சா அவன் எந்திரிச்சிடுறான். நான் தூங்கி எத்தன நாளாச்சின்னே தெரியல" என்றார், கண்ணைத் திறக்காமலே.

விருந்தாளிகள் வந்திருக்கும்போது இப்படித் தூங்கி வழிந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏங்க, நானும் புள்ளையும் ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டு வரட்டுமா?"

"அப்ப சோறு யாரு ஆக்குறது? காலையில பேரு கூப்புடுறப்ப நான் பெரட்டுல நிக்கணும். கெளம்புலா."

அப்பா கெட்டவர் இல்லை. வெந்நீர்கூடப் போடத் தெரியாதவர், அவ்வளவுதான். அம்மா உள்ளே போய் எங்கள் மாற்றுத்துணிப் பையை எடுத்து வந்தார்.

கடைசி பஸ்சுக்கு நேரம் நெருங்கியது. நானும் பையனும் எங்கள் கடமையைச் செய்தோம். தீபாவளிக்கு வாங்கிய அப்பாவின் தோல் செருப்பில் இடதைத் தூக்கிக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் வைத்தோம். ஆனால் அப்பா அன்று நடிக்கவில்லை, நிஜமாகவே உறுமினார். நான் பயந்துபோய் ஓடி எடுத்து வந்தேன். வந்து பார்த்தால் வலது செருப்பைக் காணோம்.

"அது எங்க? அதையும் கொண்டா!"

"சத்தியமா நான் எடுக்கலப்பா!"

பையனை மிரட்டினார்கள். அவன் வாயைப் பிளந்து அழுதான், குழந்தையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால், பூந்தொட்டிகளுக்கு இடையில் என்று எல்லா இடமும் தேடினோம். எல்லோரையும்விட மும்முரமாகத் தேடியவர் அம்மாதான். வீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"ஏங்க, பஸ் போயிடும். தம்பியோட சிலிப்பர மாட்டிக்கிட்டு நீங்க கெளம்புங்க. நாங்க தேடி எடுத்துக்கிட்டு வர்றோம். புது செருப்பு, அப்படியே விட்டுட்டா வர முடியும்?"

புதுச் செருப்பு என்றதும் அப்பா யோசித்தார். சித்தப்பாவின் ரப்பர் சிலிப்பரில் குதிகால் பாதி வெளியே தொங்க, என்னை முறைத்துக்கொண்டே நடந்தார்.

அப்பாவின் தலை மறைந்ததும் அம்மா தேடுவதை நிறுத்திவிட்டார். குழந்தையைச் சின்னம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போய்ப் படு புள்ள. நான் பாத்துக்குறேன்."

சின்னம்மா அம்மாவின் தோளில் நெற்றியை வைத்து அழுதார். பிறகு பாயில் சாய்ந்தவர்தான். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். குழந்தைக்குப் பால் கொடுக்க அம்மா எழுப்பும்போதெல்லாம் அரைத் தூக்கத்தில் கொடுத்துவிட்டு மறுபடி படுத்தார். மறுநாள் வெயில் ஏறித்தான் எழுந்து, தலை வாரிக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளினார். அதுவரை நானும் பையனும் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தோம். வேறு யாருக்கும் அக்கறையே இல்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அம்மா பையிலிருந்த துணிகளை எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், அம்மாவின் பழைய கைலிக்குள் சுருட்டி வைத்தபடி, வலது செருப்பு இருந்தது. அதைத் துடைத்து இடதின் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தும் பையை உதறி ஆணியில் மாட்டினார்.

சாயங்காலம் அப்பா எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"கோழிக் கூண்டுக்குப் பின்னாலதான் கெடந்துச்சு. எல்லாம் ஒங்க மக வேல" என்றார் அம்மா. அப்பா என் காதைத் திருகினார், வலிக்காமல்தான்.

செருப்பை ஒளித்தால் பஸ் வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதானே விளையாட்டு? இவ்வளவு பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே. அடுத்த முறை போகும்போது அம்மாவை ஆட்டத்தில் சேர்க்கவே கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.