குல்லாவை ஒளித்தவன்

"…அப்போ அவன் திருடன்தானேண்ணா? இத்தப் போயி காதல் கதைன்னு சொல்லிக்கினு கீறே!"

அந்தப் பெண் சீறினார். பெயர் கேட்டதில்லை. கும்மிடிப்பூண்டி ஆலையில் காலை ஷிப்ட் முடித்து நான் போகும் சென்னை ரயிலில் ஏறுவார்; வழியில் நான் கதை சொல்வேன். கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைப் பல்லில் கடித்தபடி மடியில் முருங்கைக்கீரை ஆய்வார். என்னைத் திட்டுவதற்காகவே அன்று அட்டையைத் துப்பியிருந்தார்.

நான் சொன்னது அயர்லாந்துக் கதை. கடற்கன்னி கரையில் கழற்றி வைத்த சிவப்புக் குல்லாவை ஒரு மீனவன் ஒளித்துவைக்கிறான். அது இல்லாமல் அவளால் கடலுக்குத் திரும்ப முடியாது. அவனுக்கே மனைவியாகிறாள்.

"முன்னாடி சொன்னியே, கிரேக்கத்து அரக்கி, கப்பல்காரங்கள முழுங்குற ஆறு தலைக்காரி? அவளாச்சும் முழுங்குறேன்னு வாயத் தொறந்தே வந்தா. இவன் சிரிச்சிக்கினே பூட்டி வச்சிக்கினான்."

"கடைசியில குல்லா கெடச்சி அவ கடலுக்கே போயிடுறாம்மா."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அவளே தேடி எடுத்தா."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"என் ஒரிஜினல் மார்க் ஷீட்டு ரெண்டு வருசமா எங்க கம்பெனி காண்ட்ராக்டர் பீரோல கீது. நாளைக்கு வேற கம்பெனில இன்டர்வியூ. கேட்டா, 'பத்திரமா கீது, உனக்கின்னா பேஜாரு'ன்னு சிரிக்கிறான். நானும் கேட்டுக்கினே கீறேன் பாரு!"

கவரைப்பேட்டையில் ரயில் நின்றது. கீரையை அப்படியே என் மடியில் கொட்டிவிட்டு இறங்கினார். விடுவிடுவென்று படியேறி, கும்மிடிப்பூண்டி ரயில் வரும் எதிர் நடைமேடைக்குப் போய் நின்றார்.