கூட்டம் வேறு, ரத்தம் ஒன்று

கணபதியில் எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய குழியில் ஒரு டவுன் பஸ் முன் சக்கரம் இறங்கி நின்றது. அதை இழுக்கக் கிரேன் வந்த அன்றுதான் என் மகள் கைக்குழந்தையோடு பெருந்துறையிலிருந்து வந்து இறங்கினாள். பஸ்ஸை வேடிக்கை பார்த்த தெரு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவளைத் துரத்தியது என் கூடப் பிறந்த தங்கை. மகளுக்கு அத்தையும் அவள்தான், மாமியாரும் அவள்தான்.

குழந்தை வெளுத்துக்கொண்டே வந்தது. தாலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். தங்கை போனில் வேறு கதை சொன்னாள்.

"ஏனுங்ணா, நாங்க வேற கூட்டம், நீங்க வேற கூட்டம். எங்க கூட்டத்துல இப்பிடியொரு சீக்கு கெடையாது. உங்க ரத்தந்தான் கெட்டுக் கெடக்குது."

எங்களில் சம்பந்தம் பேசினால் முதலில் கேட்பது என்ன கூட்டம் என்றுதான். அப்பன் வழிப் பங்காளிகள் ஒரே கூட்டம். அதற்குள் பெண் எடுக்க மாட்டோம். கூட்டம் வேறு என்றால் தாய்மாமன் மகள் உரிமைப்பெண். நானும் அப்படித்தான் கொடுத்தேன். தாலி ஏறியதும் பெண் புருஷன் கூட்டமாகிவிடுவாள். அதோடு தன் உடம்பில் ஓடுவதும் மாறிவிட்டதாகத் தங்கைக்கு நினைப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். வார்ப்படப் பட்டறையில் அச்சுக்கு மண் அடித்தேன் என்றேன். அந்த முதலாளி ஒரு சிடுமூஞ்சி. மண்ணில் அச்சு எடுக்கும் மூல மாதிரியான பேட்டர்னை அறையில் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வான். அதைக் கேட்டு டாக்டரம்மா சிரித்தார். உடம்பிலும் அப்படித்தானாம். செல்லுக்குள் ஓர் அறை. மூலம் அதைவிட்டு வெளியே வராது. அதைப் பார்த்து எடுத்த நகல்தான் வெளியே போகும். அங்கே அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி என்று கோத்தால் புரதம். ரத்தத்தின் சிவப்பும் அப்படிக் கோத்ததுதான்.

மூலம் எல்லோருக்கும் இரண்டு, அம்மாவுடையது ஒன்று, அப்பனுடையது ஒன்று. ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால் சிவப்பு ஊறாது. குழந்தைக்கு இரண்டு பக்கமும் பழுது வந்து சேர்ந்துவிட்டது.

எங்களைச் சோதித்தார்கள். எனக்கு ஒன்று பழுது, மகளுக்கும் ஒன்று. தன் அம்மாவுக்குத் தெரியாமல் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்த மாப்பிள்ளைக்கும் ஒன்று. அவனுக்கு அது அப்பனிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்தா? தங்கையையும் வரச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

நேரே பெருந்துறைக்குப் போனேன். வாசலோடு நிற்க வைத்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏ அம்மணி, நாம ஒரே வயித்துல பொறந்தவங்க. எனக்கிருக்கறது உனக்கில்லைன்னு எப்பிடிச் சொல்ற? கையை நீட்டு, தெரிஞ்சுபோகும்."

"நான் எதுக்குங்ணா நீட்டோணும்? உங்க புள்ளையத் தீத்து உட்டுப்போட்டு என் பையனுக்குத் தம்பி மகளை எடுக்கறோம். அவ நல்லாத் தெடமா இருக்கறா."

"நானுந்தான் தெடமா இருக்கறேன். மூஞ்சியிலயா எழுதி வெச்சிருக்குது?"

"வெயிலேறுதுங்ணா. பாத்துப் போய்ட்டு வாங்க."

அந்த மரியாதையோடேயே கதவைச் சாத்தினாள்.

அந்தத் தம்பி எனக்கும் தம்பிதான். அவன் மகளுக்கும் பழுது இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பார்த்தால்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு இருப்பது உறுதி. அந்தப் பெண்ணுக்கும் இருந்துவிட்டால் இன்னொரு குழந்தையும் வெளுக்கலாம், இன்னொரு பெண்ணைப் பஸ் ஏற்றி விடுவாள் என் தங்கை. இதைச் சொல்லத் தம்பியைக் கூப்பிட்டால், தங்கை பேச்சைக் கேட்டு அவன் என் போனை எடுப்பதில்லை.

தங்கை முகத்தில் இனி நான் விழிக்கப் போவதில்லை. மகளையும் அங்கே அனுப்பமாட்டேன். ஆனால் தம்பி மகள் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்?

காந்திபுரத்தில் பெருந்துறை பஸ் ஏறுகிறவர்கள் யாராவது என் தம்பி வீட்டுப் பக்கம் போனால் சொல்லுங்கள். கூட்டம் பார்த்தது போதும், தட்டு மாற்றும் முன்னால் பெண்ணின் ரத்தத்தைப் பார்க்கட்டும். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். என் பேச்சு என்று தெரிந்தால் கேட்கமாட்டான்.