கைதட்டாத தங்கை

பல் அச்சில் ஊற்றிய மாவு இறுகக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை பல்லக்காவின் இடது கை மேசைமேல் சும்மா இராது. நடுவிரல் ஒரு தட்டு, ஆள்காட்டி விரல் இரண்டு தட்டு, கட்டைவிரல் ஓர் அமுக்கு. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ நரம்புக் கோளாறு என்று பரிதாபப்படுவார்கள். பழையவர்களுக்குத் தெரியும், அக்கா யாரையோ சுழன்று உதைத்துக்கொண்டிருக்கிறார் என்று.

பல்செட் செய்யும் கூடத்தில் அவருக்கு இது இருபத்தாறாவது வருஷம்; பெயரே பல்லக்கா ஆகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் கைவேலையால்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அளவு தப்பாக வந்தால் டாக்டருக்கே போன் போட்டு, "வாய்க்கு அளவு எடுத்தீங்களா, வாசப்படிக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். போனில்தான் இந்த வாய். யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான், பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாமென்றார். "எதிர்ல ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாது" என்றார்.

இந்த வாக்கியத்தை அவருக்குக் கொடுத்தவர் அண்ணன்.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் வெறும் கீபோர்டுதான், அதை டி.வி.யில் மாட்ட வேண்டும். கேசட்டை ஓடவிட்டால் ஐந்து நிமிஷம் காது கிழியக் கத்திவிட்டுக் கராத்தே ஆட்டம் வரும். நடுவில் யாராவது வயரை மிதித்தால் மறுபடியும் முதலிலிருந்து கத்தும். வெள்ளை உடுப்பில் ஒருவன், சிவப்பு உடுப்பில் ஒருவன். குனிந்து வணங்கிவிட்டுத்தான் அடித்துக்கொள்வார்கள். பதிமூன்று வயதில் ஒரு விடுமுறை நாளில் இவர் தனியாளாகக் கம்ப்யூட்டரோடு மோதிக் கறுப்புப் பட்டை வாங்கினார். கூவி அழைத்ததில் அம்மா மட்டும் வந்து பார்த்தார். "சரி, எழுந்திரு, அண்ணனுக்குக் குடு" என்றார். அண்ணன் கடைசிவரை பச்சைப் பட்டையைத் தாண்டவில்லை.

ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரே கீபோர்டில் மோதினால் அண்ணனுக்குத்தான் வெற்றி. சரியான நேரத்தில் தங்கையின் வெள்ளை உடுப்புக்காரன் மரம் மாதிரி நின்றுவிடுவான். விரல் கீயில்தான் இருக்கும், அவன்தான் அசைய மாட்டான். "நீ பயந்துட்டே. எதிர்ல ஆள் இருந்தா உனக்குக் கை ஓடாது" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். இவரும் நம்பினார். நம்பியதோடு விட்டாரா, அதை வைத்தே வாழ்க்கையையும் நடத்திவிட்டார்.

அந்த ஆட்டம் இப்போது செல்போனில் வந்திருக்கிறது. இறக்கிப் பார்த்த அன்று கூடத்தில் ஒருவராலும் வேலை பார்க்க முடியவில்லை. வணக்கத்தைத் தூக்கிவிட்டார்களாம். "மூணு விளம்பரம் பார்த்தா கறுப்புப் பட்டையாம். அப்ப நான் விரல் வீங்க வீங்க ஆடுனது என்ன கணக்கு?" என்று மெழுகு உருக்குபவரிடம் கேட்டார்.

போன மாதம் நூலகத்தின் மாடியில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி வைத்தார்கள். அண்ணன் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார். பல்லக்கா போய்ப் பார்த்தார். பக்கத்தில் ஓர் அட்டை இருந்தது. 'இதில் கறுப்புப் பட்டை வென்றேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவாள்.' கீழே அண்ணன் பெயர்.

கைதட்டுவாளாம். பல்லக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. படிப்பவருக்கும் வர வேண்டும். கண்காட்சி நடத்துபவரிடம் அட்டையை மாற்றச் சொன்னார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். கொடுத்தவர் சொன்னால்தான் மாற்ற முடியும் என்று கையை விரித்தார். தான் கொடுத்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பெருமையாக நின்றிருந்த அண்ணன் சிரித்தார். "இதுக்குப் போய் ஏன் கோவிச்சுக்கறே? என்னை ஜெயிச்சுக் காட்டு, மாத்திடறேன்."

வேறு நாளாக இருந்தால் திரும்பி வந்திருப்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஆள் மட்டுமா, சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். இரண்டு புள்ளி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. முதல் புள்ளியைப் பல்லக்கா மூச்சுவிடும் நேரத்தில் எடுத்தார். இரண்டாவதற்குக் காலைத் தூக்கும்போது வெள்ளை உடுப்புக்காரன் நின்றுவிட்டான். சிவப்பின் உதை விழுந்தது. ஆளுக்கு ஒன்று.

"பார்த்தியா, அதே பயம்" என்றார் அண்ணன், அன்பாகவே.

பல்லக்காவுக்குக் கண் கலங்கியது. அப்போது நடத்துபவர் பின்னாலிருந்து யாருக்கோ விளக்குவது கேட்டது. "பயமெல்லாம் இல்லைங்க. இது பழைய கீபோர்டு. ரெண்டு மூணு கீயைச் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா, மத்த கீயை இது வாங்கிக்காது."

பல்லக்கா திரையை விட்டுவிட்டு அண்ணனின் கையைப் பார்த்தார். ஆட்டத்துக்குத் தேவையே இல்லாத மூலையில், இரண்டு கீகளுக்கு நடுவே, இரண்டையும் அமுக்கிக்கொண்டு அவருடைய சுண்டுவிரல் படுத்திருந்தது. அண்ணனோ, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்தாரோ, நாற்பது வருஷப் பழக்கமோ, அவருக்கே வெளிச்சம்.

திரையில் வெள்ளையும் சிவப்பும் குனிந்து வணங்கிக்கொண்டன. பல்லக்கா வலது கையை நீட்டி, அத்தனை பேர் பார்க்க அண்ணனின் சுண்டுவிரலைப் பிடித்து மேலே தூக்கினார். தூக்கியதை விடாமல், இடது கையால் ஆட ஆரம்பித்தார்.