தீக்குச்சி மரத்தில் ஒரு ஜீப்

பின்சீட்டைக் கழற்றிப் போட்ட ஜீப்பில் ஏறி, மதினி நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார். "தலைமாட்டுல ஒரு கோடு, கால்மாட்டுல ஒரு கோடு போடுங்க தம்பி" என்று சாக்பீஸை என்னிடம் நீட்டினார். பட்டப்பகல் பதினோரு மணி. அந்தமானில், அபர்டீன் பஜாருக்குப் பின்னால் எங்கள் சந்து. எதிரே பெரியப்பாவின் மளிகைக்கடை. சாமான் வாங்க வந்தவர்கள் பருப்பை மறந்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அண்ணன் மலேரியாக் காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. சாக்பீஸை வாங்கிக்கொண்டு தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மதினி படுத்தபடியே அதட்டினார்: "அளவு எடுக்கத்தானே சொல்றேன்? பாடையா கட்டச் சொல்றேன்?" கடை வாசலில் யாரோ "சிவ சிவா" என்றது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

அது யுத்தகாலத்து ஜீப். மெயின்லேண்டில் பட்டாளம் கழித்துப் போட்டதை அண்ணன் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். துறைமுகத்திலிருந்து பஜார் வரைக்கும் அதை ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டி வந்தது நான்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, ஒரு பட்டறையில் மெக்கானிக். காட்டில் மரம் வெட்டும் இடங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவது அண்ணனின் பிழைப்பு. கூடவே போய்ப் போய் மதினியும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தார். ஊரே வாயைப் பிளந்தது. பிளந்த வாயில் ஈ போனால் அது அவரவர் பாடு என்று அண்ணன் சிரிப்பார்.

அண்ணன் போன பிறகு பெரியப்பா ஒரே முடிவாக இருந்தார். மதினியை ராமநாதபுரத்தில் அவருடைய தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். "தாயி, இந்தத் தீவுல ஒத்தப் பொம்பளை என்ன செய்வ? கப்பல்ல ஏறு. உன் தம்பி ஒரு வாய் கஞ்சி ஊத்த மாட்டானா?" என்றார். கேட்கக்கூட இல்லை, அடுத்த கப்பலுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ போனதும் ஜீப்பு உன் பேருக்குத்தாண்டா" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அண்ணன் செத்த துக்கத்தோடு துக்கமாக அந்த இனிப்பும் இருந்தது. மனுசப் பிறவி அப்படித்தான்.

மதினி பெரியப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் சர்வே ஆபீசரைப் போய்ப் பார்த்தார். சௌல்தாரி கிராமத்தைத் தாண்டிக் காட்டுக்குள் ஆபீசருக்கு வேலை. அங்கே ரோடு கிடையாது, யானைகள் மரம் இழுத்துப் போட்ட தடம்தான். குறுக்கே மூன்று நாலா; ஓடையை இங்கே எல்லோரும் நாலா என்றுதான் சொல்வோம். முகாம் சாமான், அளவுக் கருவி, நாலு நாள் சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மூன்றாவது நாலாவைத் தாண்டுகிற வண்டி எதுவோ, அதற்குத்தான் வேலை என்றார் ஆபீசர். மழையில் கூடாரம் நிற்காது. வண்டியிலேயே படுக்கவும் இடம் வேண்டும். "கப்பல் கிளம்புறதுக்குள்ள வண்டியைக் கொண்டாந்து காட்டுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேலை கிடைத்தால் மதினி தீவில் இருப்பார். கிடைக்காவிட்டால் தம்பி பெண்டாட்டியின் அடுப்படி மூலைதான். சாக்பீஸ் கோடு அதற்காகத்தான்.

இப்போது ஊரில் பையன்கள் வண்டியை ஏற்றி உயர்த்தி, மேலே கூடாரப் பெட்டி மாட்டி, பார்சலில் வருவதையெல்லாம் பூட்டிக்கொண்டு போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். என்னிடம் வந்து, "தாத்தா, அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்கிறான் ஒருவன். அடேய், எங்களுக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றால் கப்பல் வரவேண்டும். முன்சீட்டின் சாய்மானத்தை அறுத்து, கதவுக் கீல் வைத்து, மடக்கினால் முன்பக்கம் சாய்ந்து படுக்கையோடு சேர்கிற மாதிரி செய்தோம். பின்னால் நீளப் பெட்டி. உள்ளே அரிசி, ஸ்டவ், மண்ணெண்ணெய். மூடி போட்டால் அதுதான் கட்டில். கப்பலில் சரக்கு மூடிக் கிழிந்த தார்ப்பாயைத் தைத்து, மூங்கிலை வளைத்து மேலே கூரை. புகைக்குழாயை ஒரு தண்ணீர்ப் பைப்போடு சேர்த்து ஆள் உயரத்துக்கு நிமிர்த்தினேன், நாலாவில் தண்ணீர் ஏறாமலிருக்க. எந்தக் கடையில் கிடைத்தது என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அந்த வேலையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்தமான்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். பெட்டியையும் கட்டிலையும் தரையையும் படாக் மரத்தில் செய்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்த எவனும் முதல் வருஷத்திலேயே படாக்கில் ஒரு பெட்டியோ நாற்காலியோ செய்துவிட வேண்டும், ஊருக்குப் போகும்போது அதைக் கப்பலில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் ஆள் தேறிவிட்டான் என்று பேர். ரத்தச் சிவப்பில் ரேகை ஓடுகிற மரம், கரையான் தொடாது. பத்து நாள் இழைத்து இழைத்து மெருகேற்றினேன். உண்மையைச் சொன்னால், நான் மதினிக்காகச் செய்யவில்லை. நாளைக்கு என் பேருக்கு வரப்போகிற வண்டி என்றுதான் அத்தனை நகாசு. பஜாரே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. மதினி மட்டும் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமால்ல இருக்கு" என்றார். "உங்களுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும் மதினி?" என்றேன். திமிர்தான், வேறென்ன.

ஆபீசரிடம் காட்டுவதற்கு முன் நாங்களே ஒருமுறை போய்ப் பார்த்தோம். இரண்டாவது நாலாவில் பின்சக்கரம் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. முன்னால் தள்ளினாலும் போகவில்லை, பின்னால் இழுத்தாலும் வரவில்லை. கடைசியில் மரம் இழுக்கிற யானையைக் கூட்டிவந்து, சங்கிலி மாட்டி வெளியே எடுத்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த பாகன் பலகையைப் பார்த்துவிட்டு, "அரே பாய், பூரா ஜங்கிள் உட்டாகே லாயா க்யா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். காட்டையே பெயர்த்துக் காட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேனாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடிக்கப் போயிருப்பேன், அவன் யானை மேல் இருந்தான்.

மதினி சுத்தியலை எடுத்தார். அங்கேயே, அந்தச் சேற்றிலேயே நின்று, என் பத்து நாள் உழைப்பை ஆணி ஆணியாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். "ஐயோ மதினி, படாக்கு!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்த முகம் முழுக்கச் சேறு. "இது ஜீப்பு தம்பி. கல்யாணக் கட்டில் இல்ல" என்றார். வெறும் வண்டி ஒரே மூச்சில் மேடேறியது. திரும்பி வரும் வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

கப்பலுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மறுநாள் மதினி ஒரு கைவண்டி நிறையப் பப்பீதா பலகை கொண்டுவந்து இறக்கினார். பப்பீதா என்றால் தீக்குச்சிக்கும் பேக்கிங் பெட்டிக்கும் போகிற வெளுத்த மரம். நகம் பட்டால் பள்ளம் விழும். மானமுள்ளவன் அதில் முக்காலிகூடச் செய்ய மாட்டான். பஜார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பெரியப்பா கடையிலிருந்தபடியே, "பீடி பத்த வைக்கிறவன் யாரும் ஜீப்பு பக்கம் போயிராதீங்கப்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் மதினியிடம், "ரெண்டு மழைக்கு மக்கிப் போயிரும்" என்றேன். "மக்கினா வேற பலகை போட்டுக்கலாம். சேத்துல அமுந்திப் போன பொழப்புக்கு வேற எதைப் போடுறது?" என்று கேட்டுவிட்டு, தார் வாளியை என் பக்கம் தள்ளினார். தார் பூசினேன். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. முன்னால் மூன்று ஆள் தூக்கிய பெட்டியை இப்போது மதினி ஒருத்தரே தூக்கி வைத்தார்.

கப்பலுக்கு முந்தின நாள் காலை. ஆபீசர் முன்சீட்டில், நானும் அளவுச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களும் சாமான்களின் மேல், ஸ்டியரிங்கில் மதினி. ஆபீசர் மலையாளத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் பெண் ஓட்டுகிற வண்டியில் ஏறியதும் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. ஒவ்வொரு நாலாவுக்கு முன்னும் நான் இறங்கி ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவேன். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி இஞ்சின் மேல் அடித்து வண்டி செத்துவிடும். தாண்டியதும் மறுபடி மாட்டுவேன். இரண்டாவது நாலாக் கரையில் என் படாக் பலகைகள் காணாமல் போயிருந்தன. எவன் வீட்டில் நாற்காலியாகியிருக்கிறதோ! மூன்றாவது நாலாவில் தண்ணீர் உட்காரும் பலகைவரைக்கும் வந்தது. மதினி பல்லைக் கடித்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே எதிர்க்கரையில் ஏற்றி நிறுத்தினார். சங்கிலி ஆட்கள் கைதட்டினார்கள்.

ஆபீசர் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், தார்ப்பாயை இழுத்துப் பார்த்தார். "வண்டி கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறதாம். பிறகு மதினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பட்சே லேடீஸ் காட்டுல கேம்ப் வேண்டா. நாளைக்கு முதல் நீ ஓட்டு. ஆர்டர் இப்பவே எழுதித் தரேன்."

பெரியப்பா சொன்னது நடந்துவிட்டது. வண்டிக்கு வேலை, வேலைக்கு நான், மதினிக்குக் கப்பல். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. நான் "சரி சார்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மதினி கெஞ்சவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, கண்கள் நேராக முன்னால் இருந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. பஜார் சிரித்தபோதுகூடக் குனியாத தலை அப்போது லேசாகக் குனிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. பெரியப்பா மேல், ஆபீசர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது சார்" என்றேன்.

"மெக்கானிக் தானே நீ?"

"ஸ்பேனர் பிடிப்பேன் சார். ஸ்டியரிங் பிடிச்சதே இல்ல."

ஆபீசர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தாண்டி வந்த நாலாவைப் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அளக்க வேண்டிய நிலம் அவருக்கு முன்னால் கிடந்தது. முணுமுணுத்துக்கொண்டே பையிலிருந்து தாளை எடுத்தார். மறுநாள் கப்பல் மதினி இல்லாமல் போனது. பெரியப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, அந்த ஆபீசர் மாற்றலாகிப் போகும்வரை பதினோரு வருஷம் இந்தத் தீவில் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் நான் தொடவில்லை. ஓட்டத் தெரியாத மெக்கானிக் என்று சின்னப் பயல்கள்வரைக்கும் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் காட்டில் ஆபீசர் ஆர்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் பழக்கதோஷத்தில் ஓட்டுபவர் பக்கமாகப் போய் நின்றேன். துறைமுகத்திலிருந்து பஜார்வரை நான் ஹாரன் அடித்து ஓட்டி வந்ததை வழியெல்லாம் ஓடிவந்து பார்த்தவர் மதினி. என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

"ஓட்டத் தெரியாதவருக்கு இங்க என்ன வேலை? அந்தப் பக்கம் போய் ஏறுங்க கொழுந்தனாரே" என்றார்.