மலைச்சாமியும் மணிமாறனும்

எங்கள் ஆய்வு மையத்துக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு. சின்னாளப்பட்டிப் பக்கத்து ஆட்கள் அதை ‘மூளை ஆபீஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். மனோதத்துவம் படித்தவர், மொழியியல் படித்தவர், கம்ப்யூட்டர் படித்தவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து, மனிதன் எப்படி நினைக்கிறான், எப்படி மறக்கிறான் என்று ஆராய்கிறார்கள். என் பெயர் அறிவுச்செல்வி. நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. பதிவு செய்த பேச்சை ஹெட்போன் மாட்டிக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் அடிக்கிறவள். சுற்றுவட்டாரத்தில் பல வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

மலைச்சாமி மல்லிகை விவசாயி. கொஞ்சம் கத்திரியும் போட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான், பொறாமை ஒன்றைத் தவிர. அவர் மனைவி ஜக்கம்மாள் காய்கறிக்காரனிடம் சிரித்துப் பேசினால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எல்லாவற்றுக்கும் மூலம் மணிமாறன். ஜக்கம்மாளின் அத்தை மகன், முறைமாப்பிள்ளை. அவருக்குத்தான் பெண் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, கிணறும் நிலமும் இருக்கிறதென்று மலைச்சாமிக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். ஜெயித்தது இவர். ஆனால் ஜெயித்த ஆள் மாதிரி இவர் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை. மணிமாறனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள், சர்க்கரை வியாதி, அய்யலூரில் ஒரு தீவனக் கடை. அதெல்லாம் இவருக்குப் பொருட்டே இல்லை.

மலைச்சாமியும் ஜக்கம்மாளும் எங்கள் மையத்துக்கு வந்தது தம்பதிகள் ஆய்வுக்காக. பழைய நாள் ஒன்றைப் புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்துச் சேர்ந்து உட்கார்ந்து அதே நாளைச் சொல்ல வேண்டும். ஒன்றாகச் சொல்லும்போது ஞாபகம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இவர்கள் எடுத்துக்கொண்டது, கல்யாணமான புதிதில் பழனிக்குப் போன நாள். துணைக்கு மணிமாறனும் போயிருக்கிறார்.

தனித்தனியாகப் பேசிய அன்றைக்கு மலைச்சாமி சீக்கிரமே பேசி முடித்து வெளியே வந்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜக்கம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். சத்தம் வெளியே வராது, கையை ஆட்டுவது மட்டும் தெரியும். நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதைப் பார்த்த மலைச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது.

மறுநாளே மல்லிகைப் பொட்டலத்தோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“ஏத்தா, அம்புட்டு நேரம் அவ என்னத்தப் பேசுனா?”

“அத நான் சொல்லக் கூடாதுங்கய்யா.”

“எங்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்ல பேச மாட்டா. இங்க என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு? மணிமாறனப் பத்தித்தான பேசுனா?”

“பூவ எடுத்துட்டுப் போங்கய்யா. அவங்க தலையில வச்சுவிடுங்க.”

பதிவில் இருப்பதைச் சொல்லக் கூடாது என்பது விதி. இல்லாததைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன். ஜக்கம்மாள் பேசிய அத்தனையிலும் மணிமாறன் என்கிற பேரே கிடையாது. கூட ஒருத்தர் வந்தார் என்பதுகூடக் கிடையாது. மலைச்சாமி பேசியதில்தான் முழுக்க மணிமாறன். அவன் போட்டிருந்த சட்டை, அவன் சீவியிருந்த தலை, மலைப்படியில் அவன் நின்ற இடம். பெண்டாட்டி என்ன சேலை கட்டியிருந்தார் என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றிருக்கிறார். டைப் அடிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் ஆள் இளைத்துப்போய் வந்தார். சந்தையன்று ஆடு பார்க்கிற சாக்கில் அய்யலூர் போய், மணிமாறன் கடைக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

“அவன் மொகத்துல ஒரு சந்தோசம் தெரியுது தாயி. என்னமோ இருக்கு.”

“சேந்து பேசுற அன்னைக்கு அவங்களே எல்லாத்தையும் சொல்லப்போறாங்க. நீங்க வாய மூடிக்கிட்டுக் கேளுங்க, போதும்.”

“வாயத் தெறந்தா ஏன்னு கேளு” என்றார். கண் கலங்கியிருந்தது. எரிச்சலை மீறி எனக்குப் பாவமாகவும் இருந்தது. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரிவதுதான்.

அந்த நாளும் வந்தது. ஆய்வை நடத்துகிற பிரிஸ்கில்லா மேடம் கேள்வி கேட்க, நான் பதிவுக் கருவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைச்சாமி வெளுத்த வேட்டியில், உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். ஜக்கம்மாள்தான் ஆரம்பித்தார்.

“திண்டுக்கல்லுலயே பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. இந்த மனுசன் வெளிய நின்னுக்கிட்டே சன்னல் வழியாத் துண்டப் போட்டு எனக்கு எடம் புடிச்சாரு.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். செத்த நேரம் பொறு மனுசா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“துண்டப் போட்டது நான் இல்ல. மணிமாறன்” என்றார் மலைச்சாமி.

“நீங்கதான்.”

“அது பச்சத் துண்டு. எங்கிட்ட ஏது பச்சத் துண்டு? அவன் துண்டு அது. எனக்குத் தெரியாதா?”

ஜக்கம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“சரி. அவன்தான் போட்டான்.”

மலைச்சாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “அப்பறம்?”

“அப்பறம் என்ன. எனக்கு ஞாபகமில்ல. நீங்களே சொல்லுங்க.”

பிரிஸ்கில்லா மேடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஜக்கம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மலைச்சாமி என் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, நீதான டைப் அடிச்ச. அன்னைக்கு இவ யாரு துண்டுன்னு சொன்னா?”

நான் பதில் சொல்வதற்குள் ஜக்கம்மாள் முந்திக்கொண்டார்.

“சொல்லாத தாயி. கல்யாணமான நாள்லருந்து இவரு அவன்கூடத்தான் குடும்பம் நடத்துறாரு. நடத்திட்டுப் போகட்டும்.”